பூட்டாத காரின் வரலாறு

ஒரே கார், ஆனால் அதற்கு இரண்டு விலைகள். 1957 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இலண்டன் மாநகரின் வடபாகத்தில் இயங்கிய சிறு தொழிலகமொன்று 'லோட்டஸ் செவன்' என்னும் ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்கு விட்டது. அதில் இருவர் மட்டுமே அமரலாம். கதவு இல்லை, மடிக்கும் துணியை விட்டால் வேறு கூரையும் இல்லை. தொழிலகத்தார் முற்றாகப் பூட்டி, ஓடும் நிலையிற் கொடுத்தால் அதன் விலை 1,036 பவுண். அதே காரைத் துண்டு துண்டாகப் பெற்று, வாங்கியவரே தம் கையாற் பூட்டிக்கொண்டால் விலை 536 பவுண். ஏறக்குறையப் பாதி விலைக்கு முழுக் கார்! இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராயப் புகுவோர்க்கு, வரிச்சட்டத்தின் வரலாறும், பட்டறையின் வரலாறும், பள்ளிக்கூடத்தின் வரலாறும் ஓரிடத்திற் கூடுவது புலனாகும்.

'ஏழைக்கேற்ற எள்ளுருண்டை' என்பது நம் பழமொழி. பிரித்தானிய மோட்டார் உலகில் அத்தகைய எள்ளுருண்டையாக முதலில் வந்தது 'ஒஸ்ரின் செவன்' என்னும் சின்னஞ்சிறு கார். முதல் உலகப் போருக்குப் பின்னர் ஒஸ்ரின் கம்பனி பெருங் கடனில் மூழ்கிக் கிடந்தது. அதன் தலைவராகிய ஹேர்பேட் ஒஸ்ரின், சிறு குடும்பங்கள் வாங்கத்தக்க மலிவான கார் ஒன்றை ஆக்க விரும்பினார். பணிப்பாளர் சபையார் அதற்கு இணங்கவில்லை. அவரோ ஸ்ரான்லி எட்ஜ் என்னும் பதினெட்டு வயது வரைஞரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, அங்கே பந்து விளையாடும் அறையில் இருத்தி, தம் சொந்தச் செலவில் வரைபடங்களை எழுதுவித்தார். அவ்வாறு பிறந்த கார் 1922 இல் வெளிவந்தது. 1939 இல் அதன் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் செய்யப்பட்டன.

அக்காரின் அமைப்பு மிக எளியது. முன்னே குறுகிப் பின்னே விரியும் இரு உருக்குச் சட்டங்கள்; அவற்றின்மேல் 747 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள சிறிய இயந்திரம்; அதற்கு மேலே மெல்லிய உடல். உடலைக் கழற்றி எறிந்துவிட்டாலும் சட்டமும் இயந்திரமும் தாமே ஓடும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் பிரித்தானியாவிலே உருக்குக்குத் தட்டுப்பாடு. செய்த கார்களிற் பெரும்பாலானவை அந்நியச் செலாவணியின் பொருட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. உள்நாட்டவர் புதிய கார் ஒன்றுக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். அவ்வேளையில் இளைஞர்கள், பழைய ஒஸ்ரின் செவனைச் சில பவுணுக்கு வாங்கி, அதன் துருப்பிடித்த உடலை நீக்கி, தாமே தகடு வளைத்து, தமக்கென ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஆக்கிக்கொண்டனர். இத்தகைய கார்களை 'ஸ்பெஷல்' என்று அழைத்தனர். 1939 இலேயே இவர்களுக்கென '750 மோட்டார் கிளப்' என்னும் சங்கம் தோன்றியிருந்தது. போருக்குப் பின்னர் அச்சங்கம் குறைந்த செலவிற் பந்தயம் ஓடுவதற்கான விதிகளையும் வகுத்துக் கொடுத்தது.

அந்த இளைஞர்களுள் ஒருவர் கொலின் சப்மன். 1928 இற் பிறந்த இவர், இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியிற் பொறியியல் பயின்றுகொண்டே பழைய கார்களை வாங்கி விற்று வந்தார். 1947 இன் இறுதியில் அரசாங்கம் சாதாரணப் பாவனைக்கான பெற்றோல் பங்கீட்டை நிறுத்தியது. பெற்றோல் இல்லாத நாட்டில் கார் வாங்குவார் யார்? கையிலிருந்த கார்களையெல்லாம் வந்த விலைக்கு விற்றுத் தீர்த்தார். விலைபோகாமல் எஞ்சிய ஒன்று பழைய ஒஸ்ரின் செவன். வியாபாரத்தில் உதவாத அந்த ஒன்றே அவருடைய எதிர்காலத்துக்கு வித்தாயிற்று. தாம் மணமுடிக்கவிருந்த ஹேசல் என்னும் பெண்மணியின் பெற்றோர் இல்லத்துக்குப் பின்னாலிருந்த சிறு கராஜில் வைத்து, அதைக் கழற்றி, ஒட்டுப்பலகையாலும் அலுமினியத் தகட்டாலும் புதிய உடல் அமைத்தார். 1948 இல் உருப்பெற்ற அந்தக் காரே பின்னாளில் 'லோட்டஸ்' வரிசையின் முதலாவது எனக் கணக்கிடப்பட்டது. 1952 இல் தொழிலகம் தொடங்குவதற்கு வேண்டிய 25 பவுணையும் ஹேசலே கடனாகக் கொடுத்தார். சப்மனின் தந்தையார் நடத்திய விடுதிக்குப் பின்னாலிருந்த பழைய குதிரை லாயம் தொழிலகமாயிற்று. உலகின் பெரும் பந்தயங்களில் வெற்றி வாகை சூடிய ஒரு பெயரின் தொடக்கம் இத்துணை எளியது.

சப்மன் கண்ட நுட்பம் யாதெனில், பாரத்தைக் குறைத்தாற் சிறிய இயந்திரமும் பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்யும் என்பதாம். பாரமான இரு சட்டங்களுக்குப் பதிலாக மெல்லிய உருக்குக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்துக் கூடு போன்ற சட்டகம் அமைத்தார். முக்கோணத்தின் பக்கங்கள் நீளாமலும் குறுகாமலும் இருக்கும்வரை அதன் வடிவம் மாறாது என்பது பள்ளி மாணவரும் அறிந்த கேத்திரகணித உண்மை. நாற்கோணமோ ஒரு மூலையைத் தள்ளினாற் சரிந்துவிடும். இந்த உண்மையின்மேலேயே 1952 இல் வந்த லோட்டசின் ஆறாவது அமைப்பும், 1957 இல் வந்த செவனும் நின்றன. செவன் முழுவதும் அரைத் தொன்னுக்கு மேற்படாத பாரம். அதன் இயந்திரமோ பெரும்பாலும் சாதாரணப் போர்ட் காரில் உள்ள 1,172 கன சென்ரிமீற்றர் இயந்திரமே. ஆயினும் வளைந்த வீதிகளில் அதனினும் பன்மடங்கு விலையுள்ள கார்களை அது எளிதிற் பின்தள்ளியது.

இனி, இரண்டு விலைகளின் மர்மத்துக்கு வருவோம். போர்க்காலத்தில், 1940 ஆம் ஆண்டில், பிரித்தானிய அரசாங்கம் கொள்வனவு வரி என்னும் புதிய வரியை விதித்தது. ஆடம்பரப் பொருள்களை மக்கள் வாங்காமற் செய்து, மூலப்பொருளையும் உழைப்பையும் போருக்குத் திருப்புவது அதன் நோக்கம். போர் முடிந்தும் வரி நீங்கவில்லை. 1955 இன் இறுதியிற் கார்களின் மொத்த வியாபார விலைமீது அது 60 வீதமாக உயர்ந்தது. ஆனால் வரி விதிக்கப்பட்டது முழுமையான காருக்கு. குழாய்ச் சட்டகமும், தகடும், சில்லும், இயந்திரமும் தனித்தனியே கிடக்குமாயின் அவை கார் ஆகா. அவற்றைக் கூலி கொடாது சொந்தக்காரர் தாமே பூட்டினால் வரியும் இல்லை. சட்டத்தின் வேலியில் இருந்த இந்த இடைவெளி வழியாகவே, வருமானம் குறைந்த எழுதுவினைஞரும் பயிலுநரும் ஸ்போர்ட்ஸ் காரின் ஆசனத்தை அடைந்தனர்.

இடைவெளியை அதிகாரிகள் அறியாதிருந்தாரல்லர். பூட்டும் முறையை விளக்கும் கைந்நூலைப் பாகங்களோடு சேர்த்துக் கொடுத்தால், அது முழுக் காரை விற்றதாகவே கொள்ளப்படும் என்பது விதி. பாகங்களை விற்கலாம், அறிவை விற்கலாகாது! இதற்குச் சப்மன் கண்ட மாற்று வழி மோட்டார் உலகிற் பலகாலம் சொல்லப்பட்டு வரும் கதை. பூட்டும் முறையை எழுதுவதுதானே குற்றம்? கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தாராம். வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி நோக்கிப் படித்தால் கார் உருப்பெறும். கதையில் நகைச்சுவை உண்டு. அதனினும் மேலான உண்மையும் உண்டு. இரும்பும் தகடும் எங்கும் கிடைப்பவை. எதை எதன்பின் பூட்டுவது, எந்த ஆணியை எவ்வளவு இறுக்குவது என்னும் செய்முறை அறிவே அரிய பொருள்.

அந்த அரிய பொருளை நூலாக்கி உலகெங்கும் பரப்பிய ஒருவர் இலங்கை மண்ணிற் பிறந்தவர் என்பது நேயர்கள் பலர் அறியாத செய்தியாகலாம். ஜோன் ஹேய்ன்ஸ் 1938 ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்தார். அவருடைய தந்தையார் இங்கே தேயிலைத் தோட்டமொன்றின் நிருவாகியாக இருந்தார். இளமைப் பருவத்தை இம்மண்ணிற் கழித்த அச்சிறுவர், பின்னர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுக் கென்ற் மாகாணத்திலுள்ள சற்றன் வலன்ஸ் பள்ளியின் விடுதி மாணவரானார். அங்கே மாணவர் யாவரும் றகர் விளையாட வேண்டும். ஹேய்ன்சுக்கோ அதில் நாட்டமில்லை. அவருடைய விடுதி ஆசிரியர் கண்டிப்பைக் கைவிட்டு, விளையாட்டு வேளையிற் பழைய ஒஸ்ரின் செவன் ஒன்றைக் கழற்றி ஸ்பெஷலாக மாற்றுவதற்கு அனுமதி கொடுத்தார். மாணவர் கட்டிய கார் நல்ல விலைக்குப் போயிற்று. அதை விற்க முயன்றபோது, இதனை எவ்வாறு கட்டினீர் என்று விசாரித்தோர் தொகை மிகுதி என்பதை அவர் கண்டார். உடனே தம் கையாற் படங்கள் வரைந்து, '750 ஸ்பெஷல்' கட்டும் முறையைச் சிறு நூலாக எழுதினார். அச்சிட்ட 250 பிரதிகளும் பத்தே நாளில் விற்றுத் தீர்ந்தன. அது 1956 ஆம் ஆண்டு. எழுதியவர் பள்ளி மாணவர்.

பின்னர் ஹேய்ன்ஸ் விமானப் படையிற் சேர்ந்து ஏடனில் இருந்த காலத்தில், நண்பர் ஒருவர் பழைய ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் கார் ஒன்றைத் திருத்த முயன்று, கம்பனி வெளியிட்ட கைந்நூல் விளங்காமல் இடர்ப்பட்டார். அந்நூல் தொழிலறிந்த பட்டறையாளருக்கு எழுதப்பட்டது. சாதாரண மனிதருக்கு அது மறைமொழி போன்றிருந்தது. ஹேய்ன்ஸ் அக்காரை முற்றாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்தார். 1966 இல் அது நூலாக வெளிவந்தது. அதன் பின்னர் அவருடைய நிறுவனம் நூற்றுக்கணக்கான கார்களுக்கு இவ்வாறே நூல்கள் வெளியிட்டது. விற்ற பிரதிகள் இருபது கோடியைத் தாண்டின. 2019 இல் அவர் மறைந்தபோது, உலகின் பல மொழியினரும் அந்நூல்களின் எண்ணெய்க் கறைபடிந்த பக்கங்களை நன்றியோடு நினைவுகூர்ந்தனர்.

இதற்கிடையில் லோட்டஸ் செவனின் கதை திசை மாறியது. 1973 ஏப்ரில் முதலாம் நாள் கொள்வனவு வரி நீங்கி, கூட்டிய பெறுமதி வரி நடைமுறைக்கு வந்தது. புதிய வரி முழுக் காரையும் பெட்டியில் வந்த பாகங்களையும் ஒன்றாகவே நோக்கியது. வேலியின் இடைவெளி அடைபட்டது. லோட்டஸ் நிறுவனமோ அப்போது விலை மிகுந்த கார்களை நாடிச் சென்றுகொண்டிருந்தது. எளிய செவனை அது கைவிட்டது. இலண்டனின் தெற்கே கேட்டரம் என்னும் ஊரில் அக்காரை விற்று வந்த கிறஹாம் நேண் என்பவர் அதைச் செய்யும் உரிமையைப் பெற்றுக்கொண்டார். கார் அழியாது பிழைத்தது. இன்றும் அவ்வூரின் பெயரைத் தாங்கியே செய்யப்படுகிறது. ஆனால் காலஞ் செல்லச் செல்ல எளியோரின் கார் என்னும் பெயர் அதைவிட்டு நீங்கியது. இன்று புதிய கேட்டரம் செவன் ஒன்றின் விலை இருபதினாயிரம் பவுணுக்கு மேற்பட்டது. 1980களில் அதே வடிவைத் தழுவிக் கார் செய்த வெஸ்ற்பீல்ட் நிறுவனத்தின்மீது கேட்டரம் வழக்குத் தொடர்ந்தது. இரு பகுதியாரும் சமாதானமாகி, வெஸ்ற்பீல்ட் தன் காரின் அமைப்பை மாற்றிக்கொண்டது. வடிவுக்கு உரிமை கொண்டாடுவது வணிகத்தில் நியாயமே. ஆயினும் கழிக்கப்பட்ட காரிலிருந்து பிறந்த ஒன்று, கழிக்கப்பட்ட கார் மட்டுமே வைத்திருப்போரின் கைக்கு எட்டாமற் போனது வரலாற்றின் முரண்பாடு.

அதை மீண்டும் எளியோர் கையில் வைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். நோதாம்ரன்சயர் மாகாணத்திலுள்ள அவுண்டல் பள்ளி, தொழிற்கூடக் கல்விக்குப் பெயர்பெற்றது. 1892 முதல் 1922 வரை அதன் தலைமையாசிரியராக இருந்த சாண்டர்சன், மாணவர் ஏட்டிற் படித்ததைப் பட்டறையிற் செய்து காணவேண்டும் என்னும் கொள்கையை அங்கே வேரூன்றச் செய்தவர். அப்பெரியாரைப் பற்றி எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தனி நூலே எழுதினார். அந்தப் பள்ளியில் ஆசிரியராயிருந்த றொன் சம்பியன் 1996 இல் ஒரு நூலை வெளியிட்டார். 250 பவுணுக்குள் உமது ஸ்போர்ட்ஸ் காரை நீரே கட்டலாம் என்பது அதன் தலைப்பின் சாரம். வெளியிட்டோர் வேறு யாருமல்லர். இலங்கையிற் பிறந்த ஹேய்ன்ஸ் நிறுவிய அதே பதிப்பகத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளி மாணவர் ஒருவர் தொடங்கிய வேலையைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தொடர்ந்தார் எனலாம்.

சம்பியன் காட்டிய வழி இது. உடல் உக்கிப்போய் வீதிக்கு உதவாத பழைய போர்ட் எஸ்கோர்ட் ஒன்றை வாங்குக. அதன் இயந்திரம், கியர்ப் பெட்டி, பின் அச்சு, தடுப்பு உறுப்புகள், மின்கம்பிகள் ஆகியவற்றைக் கழற்றி எடுத்துத் துப்புரவாக்குக. ஓர் அங்குலச் சதுர உருக்குக் குழாயை நூலிற் கண்ட அளவுப்படி வெட்டுக. தட்டையான பலகைமீது கோடு வரைந்து, மரக்கட்டைகளால் இறுக்கி, குழாய்களை முதலில் ஆங்காங்கே புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டுக. மூலைவிட்டங்களை அளந்து இருபுறமும் சமமாயின் மாத்திரமே முற்றாக ஒட்டுக. இவ்வாறு அமைந்த கூட்டுக்கு அலுமினியத் தகட்டைத் தறையாணியால் பொருத்துக. முகப்பையும் சில்லின் மறைப்புகளையும் மட்டும் விலைக்கு வாங்குக. இங்ஙனம் எழுந்த கார் தோற்றத்தில் லோட்டஸ் செவனின் உடன்பிறப்பு. ஆனால் லோட்டஸ் என்னும் பெயரைச் சூட அதற்கு உரிமையில்லை. ஆகவே குறைந்த விலை என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து 'லோகொஸ்ட்' என்று அழைத்தனர். அப்பெயரில் லோட்டசின் ஓசையும் கலந்திருப்பது தற்செயலன்று.

நூல் பல பதிப்புகள் கண்டது. பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் ஆயிரக்கணக்கானோர் கராஜிலும் கொட்டிலிலும் வேலை தொடங்கினர். 750 மோட்டார் கிளப் இக்கார்களுக்கெனத் தனிப் பந்தய வரிசையையும் ஏற்படுத்தியது. ஒஸ்ரின் செவன் இளைஞருக்கு விதி வகுத்த அதே சங்கம், அரை நூற்றாண்டின் பின்னர் அவர்தம் வழிவந்தோருக்கும் களம் அமைத்தது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று. 250 பவுண் என்பது சிக்கனத்தின் எல்லை. அதனைத் தொட்டவர் சிலரே. புதிய ரயர், தடுப்புக் குழாய், வர்ணம் என ஒவ்வொன்றாகச் சேரச் செலவு பலருக்குப் பன்மடங்காயிற்று. நூலின் அளவுகளிற் சில ஒன்றோடொன்று பொருந்தாமையைக் கட்டியவர்களே கண்டு, திருத்தங்களைத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். தொடங்கியோர் யாவரும் முடித்தாரல்லர். துணி போர்த்திய குழாய்க் கூடுகள் பல கராஜ்களில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தன. ஒட்டிய மூட்டு ஒன்று பிளந்தால் உயிருக்கே தீங்கு நேரும். இதனையுணர்ந்த அரசாங்கம், 1998 முதல் தனியார் கட்டிய கார் ஒவ்வொன்றும் வீதிக்கு வருமுன் தனித்தனியே பரிசோதிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. தடுப்பின் வலிமை, ஆசனப் பட்டியின் பிடிப்பு, கூரிய விளிம்புகள், விளக்குகளின் உயரம் ஆகிய யாவும் சோதனைக்கு உட்பட்டன. சிலர் முணுமுணுத்தனர். ஆனால் அவ்விதியே வீட்டிற் கட்டிய காருக்கு நாட்டில் ஒரு மதிப்பைத் தேடிக்கொடுத்தது எனல் பொருந்தும்.

இன்னுமொரு மாற்றமும் நிகழ்ந்தது. குப்பையெனக் கழிக்கப்பட்ட பழைய எஸ்கோர்ட், காலப்போக்கிற் பழம்பொருள் விரும்புவோரும் பந்தயக்காரரும் தேடும் செல்வமாயிற்று. இயந்திரத்துக்காக அதை உடைப்பது இப்பொழுது அறிவீனம். எனவே 2007 இல் அதே பதிப்பகம், போர்ட் சியரா என்னும் பிற்காலக் காரை ஆதாரமாகக் கொண்டு வேறொரு நூலை வெளியிட்டது. ஒஸ்ரின் போய் எஸ்கோர்ட் வந்தது. எஸ்கோர்ட் போய்ச் சியரா வந்தது. ஒரு தலைமுறை கழித்ததை அடுத்த தலைமுறை பொறுக்கியெடுத்து உயிர்கொடுப்பது மட்டும் மாறவில்லை.

இத்தகைய காரைப் 'போலி' என்று சொல்வார் உளர். தொழிலகத்தின் முத்திரையை நோக்கின் அக்கூற்றில் உண்மையுண்டு. ஆனால் சப்மன் கட்டிய முதற் கார் எது? வேறொருவர் செய்த ஒஸ்ரின் செவன். அவர் அதைக் கழற்றினார், கற்றார், மாற்றினார். சம்பியனின் நூலை விரித்துவைத்துக் குழாய் வெட்டுபவரும் அதனையே செய்கிறார். முத்திரை பதித்த காரை வாங்குபவர் சப்மனின் படைப்பைப் பெறுகிறார். தாமே கட்டுபவர் சப்மன் கற்ற பாடத்தைப் பெறுகிறார். பின்னையதற்கு விலை குறைவு, உழைப்பு அதிகம்.

ஓர் அதிகாரி பூட்டும் முறையை எழுதலாகாது என்று தடுத்தார்; ஒரு விடுதி ஆசிரியர் மைதானத்துக்குப் போகவேண்டாம், கராஜுக்குப் போ என்று விடுத்தார். முன்னவரின் தடை சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. பின்னவர் கொடுத்த அனுமதியின் பயன், எண்ணெய்க் கறைபடிந்த கோடிக்கணக்கான பக்கங்களில் இன்றும் வாழ்கிறது.